மாற்றல் உத்தரவும் ஒரு கல்லறையும்

கிறிஸ்துவுக்குள் பிரியமான நண்பருக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, தரங்கம்பாடிக் கடற்கரையில் மறுபடியும் காலை நடை போகிறீர் என்று அறிந்து மகிழ்ந்தேன். ஜனவரியில் என் மனைவியின் அடக்கத்துக்கு நீர் வந்திருந்தபோது நாம் தனியே பேச நேரம் வாய்க்கவில்லை. நீர் இப்போது கேட்டிருப்பவற்றுக்குத் தொலைபேசியில் பதில் சொல்வதைவிட எழுதிவிடுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

நீர் கேள்விப்பட்டது உண்மைதான். எனக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. ஜூன் மாதம் வேறொரு சேகரத்துச் சபைகளுக்குப் போதகராகப் பொறுப்பேற்க வேண்டும். அவளை இங்கே அடக்கம் செய்துவிட்டு நான் எப்படிப் புறப்படுவேன், பேராயரிடம் சொல்லி ஓய்வுபெறும் வரை இங்கேயே இருந்துவிடலாமே என்று அக்கறையோடு எழுதியிருக்கிறீர். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால் சற்றுச் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்ளும்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை அடக்கப் பதிவேட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வாசற்படியில் போய் நின்றுகொண்டார். ஆராதனையை நடத்தியவர் பக்கத்துச் சேகரத்துப் போதகர் என்றாலும் பதிவேட்டுக்குப் பொறுப்பு நான்தானே. பெயர், வயது, இறந்த நாள், அடக்கம் செய்த நாள், இறப்பின் காரணம் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டே வந்தவன், தொழில் என்ற கட்டத்தில் நின்றுவிட்டேன். ஓய்வுநாள் பள்ளியை நடத்தியவள். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குக் கணக்கு எழுதியவள். எந்த வீட்டில் பிள்ளைப்பேறு, எந்த வீட்டில் சண்டை, எந்தப் பிள்ளை கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லாமல் நிற்கிறது என்பதையெல்லாம் எனக்கு முன்பே அறிந்து வைத்திருந்தவள். ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி, என்றால் இவ்வளவும் செய்ய வேண்டும் என்று சபை எதிர்பார்க்கிறது. அதற்கு நியமனமும் கிடையாது, சம்பளமும் கிடையாது. முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். பெண்களின் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஒரு கோடுதான் இழுத்திருந்தார்கள். நான் ‘சபை ஊழியம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்டால் கேட்கட்டும்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் பற்றி நான் குறை சொல்லக் கூடாது. வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் தூக்குவாளியில் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்களில் பலரும், என்னைப் போன்ற போதகர்களே அதிகமாக, ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’ என்று சொல்லித் தேற்றினார்கள். அந்த வார்த்தை யோபு தன் வாயால் சொன்னது; யோபுவைப் பார்க்க வந்தவர்கள் அவனிடம் சொன்னது அல்ல. பறிகொடுத்தவன் தானாகச் சொன்னால் அது விசுவாச அறிக்கை. பக்கத்தில் இருப்பவர் அவனுக்காக முந்திக்கொண்டு சொன்னால், அழுததுபோதும் என்று வாயை அடைப்பதாகவே அவன் காதில் விழும். இதை இளைய போதகர்களுக்கு யாராவது இறையியல் கல்லூரியிலேயே சொல்லிக்கொடுத்தால் நல்லது.

இதைவிட எனக்குத் துணையாக இருந்தது நம்முடைய அடக்க ஆராதனை ஒழுங்குதான். எத்தனையோ வீடுகளில் நின்று நான் வாசித்த 90ஆம் சங்கீதத்தை அன்று முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அதன் பிறகு பல வாரங்கள் எனக்குச் சொந்தமாக ஜெபிக்க வார்த்தை வரவில்லை. காலையும் மாலையும் ஜெபப் புத்தகத்தைத் திறந்து, அச்சடித்திருப்பதை அப்படியே வாசித்தேன். பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அவை வந்துகொண்டிருந்தன. நான் தேட வேண்டியிருக்கவில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்த காலத்தில் எழுதி வைத்த ஜெபம் உயிரில்லாதது என்று நண்பர்கள் வாதாடியபோது நீரும் நானும் எதிர்க்கட்சியில் இருந்தோம், நினைவிருக்கிறதா? அன்றைக்கு நாம் சொன்ன காரணங்களெல்லாம் புத்தகத்தில் படித்தவை. இப்போது என்னிடம் ஒரு காரணம் சொந்தமாகவே இருக்கிறது.

சபைச் செய்தி ஒன்றும் சொல்ல வேண்டும். திருமண்டல நிர்வாகத் தேர்தலுக்குப் பிறகு இங்கே இரண்டு கட்சியாக நின்று, ஒருவர் வீட்டுத் திருமணத்துக்கு மற்றவர் போகாமல் இருந்தவர்கள், அவள் பெட்டியை இரண்டு பக்கமும் சேர்ந்து தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டம் வரை நடந்தார்கள். அதைக் கண்டு சபையில் சமாதானம் வந்துவிட்டது என்று பலரும் சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வழக்கம்போலத் தங்கள் தங்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். எனக்கு அதில் ஏமாற்றம் இல்லை. பெட்டியைத் தூக்குமிடத்திலாவது கட்சி பார்க்காத சபை இன்னும் சபையாகத்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

இனி மாற்றல். இடையன்குடி இங்கிருந்து அதிக தூரமில்லை. கால்டுவெல் மிஷனெரியாக 1841இல் அங்கே வந்தார். 1880இல் பிரதிஷ்டையான அந்தப் பெரிய கோயிலின் பலிபீடத்தின் கீழே, 1891இல் கொடைக்கானலில் இறந்த அவருடைய உடலைக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ், டோனாவூரில் ஏமி கார்மைக்கேல், உம்முடைய ஊரில், தான் கட்டிய ஆலயம் பிரதிஷ்டையான மறு ஆண்டே, 1719இல், 36 வயதில் இறந்த சீகன்பால்கு என்று பார்த்தால், கடல் கடந்து வந்த அந்தக் காலத்து ஊழியர்கள் ஓரிடத்தில் வந்து அங்கேயே மண்ணானவர்கள் என்று தோன்றும். நாமோ சில வருடங்களுக்கு ஒருமுறை குருமனையின் சாவியை ஒப்படைத்துவிட்டு லாரியில் சாமான் ஏற்றுகிறவர்கள். எனக்கும் சில இரவுகளில் அவர்கள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் தங்கள் குடும்பத்துக் கல்லறைகளைக் கடலுக்கு அப்பால் விட்டு வந்தவர்கள்தான். அங்கே யார் போய்ப் பூ வைத்தார்கள் என்பதை நாம் கேட்பதே இல்லை.

அதோடு, மாற்றல் முறையை நான் மனதார ஆதரிக்கிறவன். ஒரே சேகரத்தில் நெடுங்காலம் இருக்கும் குருவானவர் எப்படியும் ஒரு கட்சிக்காரராகிவிடுகிறார். என் துக்கத்தைக் காட்டி விலக்குக் கேட்டால் பேராயர் இரக்கப்பட்டுக் கொடுக்கவும் கூடும். ஆனால் இந்தச் சபையில் பனையேறிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களின் கல்லறைகள் எத்தனை, அந்தப் பிள்ளைகளில் இங்கே இருப்பவர்கள் எத்தனை பேர்? சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருந்துகொண்டு, கோயில் அசன விருந்துக்கு வரும்போது கல்லறைத் தோட்டத்துக்குள் போய் நின்றுவிட்டு ரயிலைப் பிடிக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்காத ஒரு சலுகை எனக்கு மட்டும் எதற்கு? நானும் அவர்களைப்போல வந்துபோகிறேன். எனவே அனுமதி கேட்கப் போவதில்லை.

கல்லறையை இப்போது கட்ட முடியாது. இது செம்மணல் பூமி. வடகிழக்குப் பருவமழை பெய்து மண் நன்றாக இறங்கிய பிறகு கட்டினால்தான் வெடிக்காது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். அந்த வேலை நடக்கும்போது நான் இங்கே இருக்கமாட்டேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பளிங்குக் கல் பதிக்க வேண்டும் என்று விரும்புகிறார்கள். டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் தமக்குக் கல்லே வைக்க வேண்டாமென்று சொல்லிவைத்திருந்ததையும், அங்கே பறவைகள் நீர் அருந்த ஒரு தொட்டி மட்டும் வைத்திருப்பதையும் எடுத்துச் சொல்லி, சுண்ணாம்பு பூசிய சாதாரண மேடை போதும் என்று சம்மதிக்க வைத்திருக்கிறேன். அளவும், எழுத வேண்டிய பெயரும் தேதிகளும் கோயில்பிள்ளையிடம் இருக்கின்றன.

மே மாதம் நான் கணக்குகளை ஒப்படைத்துக்கொண்டிருப்பேன். அதற்குள் ஒருமுறை வாரும். வள்ளியூரில் ரயிலிறங்கினால் அழைத்துவர ஆள் அனுப்புகிறேன். புத்தகங்களில் பாதியை இனி ஊர் ஊராகச் சுமக்க எனக்குத் தெம்பில்லை. கண் தெளிந்துவிட்டது என்கிறீரே, பெரிய பை ஒன்று கொண்டுவந்து வேண்டியவற்றை எடுத்துச் செல்லும்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உம்முடைய பழைய அறைத்தோழன்