சாவித் துளையை மூடிய அட்டை: ஒரு நன்றி மடல்

உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

ஊர் திரும்பி மூன்று நாள்தான் ஆகிறது. இத்தாலியில் ஒரு பெட்ரோல் பங்கில் எங்கள் வாடகை டீசல் வேனில் பெட்ரோலை ஊற்றிவிட்டது உங்களுக்கெல்லாம் தெரியும், அதை மறுபடி விரிவாக எழுதவில்லை. எட்டுப் பேரும் நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டோம். அது யாரால் என்பதை மட்டும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

பெயர்கூடக் கேட்டுவைக்க முடியாமல் போன லாரி ஓட்டுநருக்கு முதல் நன்றி. இடம் ஆஸ்திரியா-இத்தாலி எல்லையிலுள்ள பிரென்னர் கணவாயிலிருந்து தெற்கே இறங்கும் ஏ 22 நெடுஞ்சாலை, ரோவெரெத்தோ அருகே. லாரியில் போலந்து நம்பர். டீசல் வேனுக்குள் பெட்ரோல் போவதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ஓடிவந்தவர், ஸ்டியரிங் பக்கம் கையை நீட்டி, சாவியைத் திருப்பவிடாமல் தடுத்தார்.

அந்த ஒரு தடுப்பு எவ்வளவு பெரிது என்பது மெக்கானிக்கிடம் கேட்ட பிறகுதான் முழுதாகப் புரிந்தது. இன்றைய டீசல் இன்ஜினில் எரிபொருள் 1,500 பாருக்கும் (வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 1,500 மடங்கு) மேலான அழுத்தத்தில், அதை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகிறது. அந்த அழுத்தத்தைத் தரும் பம்புக்கு டீசலேதான் மசகு. பெட்ரோல் போனால் அந்த எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டு, இரும்போடு இரும்பு உரசி, பொடி கிளம்பும். பொடி குழாய் வழியாக எல்லா இன்ஜெக்டருக்கும் போய்ச் சேரும். பிறகு பம்ப், குழாய்கள், இன்ஜெக்டர்கள் என்று வரிசையாக மாற்ற வேண்டியதுதான். வாடகை வண்டியின் காப்பீடு பெரும்பாலும் இந்தத் தவறுக்குப் பொருந்தாது. பல வண்டிகளில் இன்ஜின் ஓடக்கூட வேண்டாம். சாவியை இரண்டாம் நிலைக்குத் திருப்பினாலே டேங்கிலிருக்கும் சிறிய பம்ப் எரிபொருளை முன்னே தள்ளத் தொடங்கிவிடும். "கொஞ்சம்தானே கலந்தது, மேலே டீசல் ஊற்றி ஓட்டிவிடலாம்" என்பது பழைய இன்ஜின் காலத்துப் பேச்சு. இப்போதைய வண்டியில் அதை நம்பக் கூடாது.

வேனை ஓரங்கட்டவும் அவரே வழி சொன்னார். ஸ்டியரிங் பூட்டு விடுபடும் முதல் நிலை வரை மட்டும் சாவி, கியர் நியூட்ரலில், மஞ்சள் மேலங்கி போட்ட நான்கு பேர் பின்னால். இன்ஜின் ஓடாதபோது பிரேக் மிதி கல்லு மாதிரி இறுகிவிடும், அதனால் நடை வேகத்துக்கு மேல் தள்ளவிடவில்லை.

அதோடு அவர் போயிருந்தாலும் காலத்துக்கும் மறக்க மாட்டோம். ஆனால் லாரிக்குப் போய் ஒரு அட்டைப்பெட்டித் துண்டும் டேப்பும் கொண்டுவந்தார். இத்தாலிய மொழியில் பெரிய எழுத்தில் எழுதினார்: பெட்ரோல் ஊற்றியாகிவிட்டது, இன்ஜின் ஒருமுறைகூட ஓடவில்லை, ஸ்டார்ட் செய்யாதீர்கள். அதைச் சாவித் துளையின் மேலேயே ஒட்டினார். அப்போது எங்களுக்கு அதன் அருமை தெரியவில்லை. இழுவை வண்டிக்காரர் வந்ததும் சாவியை வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஸ்டார்ட் செய்து பலகையில் ஏற்றுவதுதான் அவர்கள் வழக்கம். அட்டையைப் பார்த்தார், இறங்கினார், கம்பிவடம் போட்டு இழுத்தார். அது சனிக்கிழமை மாலை. பட்டறை திறந்தது திங்கள் காலை, அங்கே இருந்தவர் வேறு ஆள். அவருக்கும் விஷயத்தைச் சொன்னது அந்த அட்டைதான். எங்களில் ஒருவருக்கும் இத்தாலிய மொழி தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் லாரி ஓட்டுபவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். அது சட்டம், வண்டியில் உள்ள கருவி பதிவு செய்துகொண்டே இருக்கும். அவர் எங்களுக்குக் கொடுத்தது அந்த 45 நிமிடத்தை. வாங்கி வைத்திருந்த சாப்பாடு பிரிக்காமலே கிடந்தது. ஐயா, நீங்கள் இதைப் படிக்கப்போவதில்லை. ஆனாலும் உங்களுக்குத்தான் எழுதுகிறோம்.

திங்களன்று 38 லிட்டரையும் உறிஞ்சி எடுத்து, சில லிட்டர் டீசல் விட்டு அலசி, ஃபில்டரை மாற்றி, குழாயில் காற்று போக்கித் தந்த பட்டறைக்காரருக்கு நன்றி. மியூனிக்கில் விமானம் இறங்கிய அன்றே ஓட்டக் கூடாது என்று தடுத்து, ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக் கிடந்த சூப்பர் மார்க்கெட் வாசலில் பழகவைத்த நண்பருக்கும் நன்றி. நம் ஊரில் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டிய பழக்கத்தால் வண்டி தன்னை அறியாமல் வலது ஓரத்துக்கே போகும், வலக் கண்ணாடி உரசும் என்று அவர் சொன்னது அப்படியே நடந்தது. ஆஸ்திரியாவின் 10 நாள் சாலை வில்லை (நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டு) பிரென்னர் பாதைக்குச் செல்லாது, அதற்குத் தனிக் கட்டணம் என்று முன்பே சொன்னவர், ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கக் கூடவே அலைந்தவர், இரவெல்லாம் போனில் தைரியம் சொன்னவர்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

தவறு நேர்ந்த விதம் இதுதான். இத்தாலியில் டீசலுக்குப் பெயர் 'கஸோலியோ'. நம் காதுக்கு அது அமெரிக்கர்களின் 'கேஸோலின்', அதாவது பெட்ரோல். அதை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் இருந்ததைக் கை எடுத்துவிடும். பெட்ரோல் குழாயின் மூக்கு டீசலுடையதைவிடச் சிறியது, எனவே தடையில்லாமல் உள்ளே போகும். பெயரைப் பார்க்காமல் வடிவத்தைப் பார்க்க வேண்டும். 2018 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பெட்ரோலுக்கு வட்டத்துக்குள் இ 5 (E5) அல்லது இ 10 (E10), டீசலுக்குச் சதுரத்துக்குள் பி 7 (B7) என்று குழாயில் குறி இருக்கும். புதிய வண்டிகளில் டேங்க் மூடியின் உள்பக்கமும் அதே குறி இருக்கும்.

அந்த அட்டையைப் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டோம். இனி எங்கள் வீட்டிலிருந்து யார் வெளிநாட்டில் வண்டி எடுத்தாலும், தமிழில் 'டீசல்', 'பெட்ரோல்' என்று எழுதிய இரண்டு அட்டையும் டேப்பும் பையில் போகும். சாவி கைக்கு வந்தவுடன் மூடியைத் திறந்து பார்த்து, உரியதை ஸ்டியரிங்கில் ஒட்டிவிட வேண்டும். அடுத்த மாதம் ஸ்பெயினில் வேன் எடுக்கும் சித்தப்பாவுக்கு நேற்றே எழுதிக் கொடுத்தாயிற்று. அங்கேயும் டீசலுக்கு ஏறக்குறைய அதே பெயர்தான்.