விண்டர் கேம்ப் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்: வண்டிய டிரெயில விட்டு இறக்காதீங்க

கேம்ப் நடத்துற அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை கேம்ப்புல ஸ்னோமொபைல, அதான் பனி மேல ஓடுற அந்த மோட்டார் வண்டிய, டிரெயில்னு சொல்ற அழுத்திப் போட்ட பனிப்பாதைய விட்டு இறக்கி ஏரிக்கரை புல்வெளி மேல ஓட்டுனோம். அந்த வீடியோ இன்னும் நம்ம கேம்ப் குரூப்புல சுத்திட்டு இருக்கு, ஹார்ட்டு வேற குவியுது. கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், ஸ்னோமொபைல டிரெயில விட்டு இறக்காதீங்க. அந்த ஏரிக்கரை புல்வெளிய விட்டுடுங்க.

அன்னைக்கு நான் தடுத்தப்போ "வெறும் பனிதானப்பா, அங்க என்ன இருக்கு"ன்னு சிரிச்சீங்க. இருக்குண்ணே. வெளிய மைனஸ் 20 அடிச்சாலும், பனி முக்கா அடி உசரத்துக்கு பொசுபொசுன்னு கிடந்தா அடியில தரைய ஒட்டுன இடம் ஜீரோ டிகிரி பக்கத்துலயே நிக்கும். மண்ணுல மிச்சம் இருக்குற சூடு மேல ஏறும்போது அடிப்பனி கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகி, மீதி இருக்குறது ரவை மாதிரி உதிரி உதிரியா ஆயிடும். அதுக்குள்ளதான் வோல்னு சொல்ற புல்வெளி எலியும் மூஞ்சூறும் வழி பறிச்சு குளிர்காலம் பூரா ஓடிட்டு இருக்கும். இதுங்க கரடி மாதிரி படுத்து தூங்குற ஜாதி இல்ல. மூஞ்சூறுக்கு சில மணி நேரத்துக்கு ஒருதடவை இரை கிடைக்கலன்னா உயிர் போயிடும், அதனால ராத்திரி பகல்னு பாக்காம பூச்சி தேடிட்டே இருக்கும். ஏப்ரல்ல பனி கரையும்போது அந்த புல்வெளிய போய் பாருங்க, புல்லுக்கு நடுவுல ரெண்டு விரல் அகலத்துக்கு நெளிநெளியா பாதை, அங்கங்க காஞ்ச புல்லுல உருண்டையா கூடு.

வண்டி ஏறுனா அந்த ரவை நசுங்கி கட்டியாயிடும். உள்ள இருந்த காத்து போச்சுன்னா குளிர் நேரா தரைக்கு இறங்கும், வழியும் அடைஞ்சிடும், அந்தப் பக்கம் போன எலி இந்தப் பக்கம் வரமுடியாது. இது நான் கண்டுபிடிச்சது இல்ல, பனிய அழுத்துனா சின்ன மிருகங்க சாகுதுன்னு அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல 1971-லயே ஆராய்ச்சி பண்ணி எழுதிட்டாங்க. வருஷா வருஷம் கொழுக்கட்டை செஞ்சு பிள்ளையார கும்பிட்டுட்டு, அவரு வாகனத்து மேலயே நம்ம வாகனத்த ஏத்திட்டோம், வீடியோவும் எடுத்தோம்.

"இப்பதான் குளிரே குறைஞ்சுபோச்சே, அதுங்களுக்கு நல்லதுதானே"ன்னும் ஒருத்தர் குரூப்புல போட்டிருந்தார். அப்படி இல்லைங்க. பனி லேட்டா விழுந்து, சீக்கிரம் கரைஞ்சு, ஜனவரில மழை பெஞ்சு மேல ஐஸ் தகடா உறைஞ்சா, தரைக்குப் போர்வை மாதிரி இருந்த பொசுபொசு பனி போயிடும், அப்புறம் ரெண்டு நாள் மைனஸ் 15 வந்தாலே தரை இறுகிடும். இலைக்குழிக்குள்ள பாதி உடம்பு உறைஞ்சு கிடக்குற மரத்தவளைக்கும், ராத்திரி பனிக்குள்ள பாய்ஞ்சு ஒளிஞ்சிக்கிற கிரவுஸ் பறவைக்கும் இதே கதிதான். நல்ல பனி வருஷத்துக்கு வருஷம் கம்மியாகுதுன்னு தெரிஞ்சும் வந்த கொஞ்சத்தையும் நாமளே மிதிச்சா எப்படி.

2023-ல கனடா தலைநகர் ஆட்டவாவுல இருக்குற ரீடோ கால்வாய்ல ஐஸ் சரியா பிடிக்காம அந்த சீசன் முழுக்க ஸ்கேட்டிங்கே இல்லன்னதும் எல்லாரும் எவ்வளவு வருத்தப்பட்டோம், குரூப்புல இரங்கல் செய்தி மாதிரி ஓடுச்சு. நமக்கு விளையாட முடியலன்னா கிளைமேட் சேஞ்ச், எலிக்கு வீடு போனா "வெறும் பனி".

கேம்ப்ப நிறுத்துங்கன்னு நான் சொல்லல, எம்பசங்களுக்கே அது இல்லாம விண்டர் ஓடாது. வண்டி ஓட்ட ஏற்கனவே அழுத்திப் போட்ட டிரெயில் கிலோமீட்டர் கணக்குல இருக்கு, அதுல ஓட்டுங்க. டியூப்ல உக்காந்து சறுக்க பார்க்கிங் பக்கத்து மேடு போதும், அது எப்பவோ மிதிபட்டு கல்லு மாதிரி ஆயிடுச்சு. புல்வெளிக்குள்ள மட்டும் வேணாம்.

பிப்ரவரில வர்ற ஃபேமிலி டே லீவு லாங் வீக்கெண்டுக்கு அடுத்த கேம்ப் போட்டிருக்கீங்க. அதுக்கு முன்னாடி எந்த வழி போகலாம், எங்க போகக்கூடாதுன்னு ஒரு மேப் போட்டு குரூப்புல பின் பண்ணிடுங்க, வண்டி வாடகைக்கு எடுக்குறவங்ககிட்டயும் நேர்ல ஒருதடவை சொல்லிடுங்க. கோவத்துல ரெண்டு வார்த்தை கூட வந்திருந்தா மன்னிச்சுக்கோங்க, மேப் போட ஆள் வேணும்னா நானே வரேன்.

இப்படிக்கு,
உங்க கேம்ப்புக்கு வருஷா வருஷம் வர்ற ஒரு அப்பா