ஊர்ச் சிலுவைகளைக் காத்தவர்களுக்கு நன்றி

இங்கிலாந்தின் இடைக்காலக் கல்சிலுவைகளைக் காத்துத் தந்த அனைவருக்கும் வணக்கம்.

ஒரு காலத்தில் 12,000க்கும் மேல் இருந்திருக்கலாம் என்கிறது மதிப்பீடு. இன்று மிஞ்சியவை 2,000க்கும் குறைவு, அவற்றிலும் பல தலையில்லாத் தூண்கள். அந்த அளவாவது நிற்பது உங்களால்தான்.

சிலுவைகளை அகற்றச் சொல்லி 1643இல் நாடாளுமன்றம் ஆணையிட்டது. குளோஸ்டர்ஷயரின் ஆம்ப்னி குரூசிஸ் என்ற ஊரின் சிலுவையுடைய செதுக்குத் தலையோ தேவாலயப் படிக்கட்டுச் சுவருக்குள் மூடப்பட்டுக் கிடந்து, 19ஆம் நூற்றாண்டில்தான் மீண்டும் தூணேறியது. அதை மூடி வைத்தவர் யாரானாலும் முதல் நன்றி அவருக்கு. மொட்டைத் தூண்களின் மேல் சூரியக் கடிகாரம் பொருத்தியவர்களுக்கும் நன்றி. நேரம் காட்டும் தூணை இடிக்க ஊருக்கு மனம் வராதல்லவா!

தேவாலய முற்றத்தில் சந்தையும் திருவிழாக் கடையும் கூடாதென்று 1285இல் வின்செஸ்டர் சட்டம் தடுத்தது. வெளியே கூடிய சந்தைகளில் பேரமும் அறிவிப்பும் பல ஊர்களில் சிலுவைப் படிகளில்தான். தேவாலய முற்றத்துச் சிலுவையிடமோ, அந்நாளில் குருத்து ஞாயிறு பவனி சற்று நின்று செல்லும்.

மிகப் பெரிய நன்றி, சிமெண்டை மறுத்த கல்தச்சர்களுக்கு. படிகள், குழிக்கல், தூண், தலை என்று அடுக்கிய அமைப்பு ஒரு சிலுவை. தூணின் அடிமுளையைக் குழிக்கல்லில் இறக்கி, இடைவெளியில் ஈயம் உருக்கி ஊற்றுவார்கள். இணைப்பில் சிமெண்ட் பூசினால் ஈரம் அதன் வழியே வெளியேறாது, கல் வழியே வெளியேறும். உப்பும் உறைபனியும் கல்லின் முகத்தைச் செதில் செதிலாக உரிக்கும். சிமெண்ட் மட்டும் புத்தம்புதிதாக நிற்கும்! இரும்புப் பிணைப்பு துருவேறிப் பருத்தால் கல்லே பிளக்கும். அதனால் துருப்பிடிக்காத எஃகுதான் போட வேண்டும்.

பழைய சிமெண்டை உளியால் பொறுமையாக எடுத்தீர்கள். வெட்டு இயந்திரம் கல்லின் ஓரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். இணைப்பின் அகலத்தைப் போல் இருமடங்கு ஆழம் சுரண்டி, நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கூர்மணல் சேர்த்த காரையை அழுத்தினீர்கள். ஈரச்சாக்கு போர்த்திப் பல நாள் காத்தீர்கள். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போனால் கரணையைத் தொடவே இல்லை. கம்பித் தூரிகையால் பாசியைத் தேய்க்காமல் விட்டது அதைவிடப் பெரிய உதவி.

பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் காரை பூசக்கூட எழுத்துமூல அனுமதி வேண்டும். அது வரும்வரை பொறுத்திருந்த ஊர் மன்றத்தாருக்கும், படிகளருகே புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கத்தரிக்கோலால் வெட்டுகிறவர்களுக்கும் எங்கள் நன்றி.