நெதர்லாந்து வேளாண் அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்: உங்களை நம்பியவர்களிடமிருந்து தொடங்குங்கள்

மதிப்புக்குரிய அமைச்சருக்கும், டென் ஹாக்கில் பணியாற்றும் அமைச்சின் அலுவலர்களுக்கும்,

வணக்கம். நெதர்லாந்தின் நடுப்பகுதியிலுள்ள ஃபெலூவைக் காட்டின் ஓரத்தில் குடியிருக்கும் ஈழத் தமிழன் நான். வன்னியில் வயலும் மாடும் இருந்த வீட்டில் பிறந்தவன். இந்த நாட்டில் 30 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கிறேன், வாக்களிக்கிறேன். இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. காட்டைக் கெடுக்கும் நைதரசனைக் குறைக்க அரசு எடுத்த முயற்சிகளை எதிர்த்துக் கமக்காரரின் உழவு இயந்திரங்கள் நெடுஞ்சாலையை மறித்தபோதும், 2022இல் ஊரெங்கும் தேசியக்கொடி தலைகீழாகத் தொங்கியபோதும், இங்குள்ள எங்களவர்கள் பலர் அதை யாரோ இரு தரப்பின் சண்டையாகப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அவர்களும் இதைப் படிக்கவேண்டும்.

உங்கள் பெயரிலிருந்து தொடங்குகிறேன். 2024 ஜூலை வரை நீங்கள் ‘வேளாண்மை, இயற்கை, உணவுத்தர’ அமைச்சாக இருந்தீர்கள். இப்போது ‘வேளாண்மை, மீன்பிடி, உணவுப் பாதுகாப்பு, இயற்கை’ என்று எழுதுகிறீர்கள். உணவுத்தரம் பெயரிலிருந்து போய்விட்டது. இரண்டாம் இடத்தில் இருந்த இயற்கை கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டது. பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஃபெலூவையில் நடந்துவருகிறவனுக்கு அப்படிக் கேட்க மனம் வராது.

ஓகஸ்டில் ஊதாவாகப் பூத்துக் கிடக்கவேண்டிய, ஹீதர் என்னும் குறுஞ்செடி வெளிகளில் புல் ஏறிக்கொண்டிருக்கிறது. நைதரசன் மிகுந்தால் புல் கொழிக்கும். வறிய மண்ணுக்கே பழகிய செடிகள் அதனடியில் மூச்சு முட்டிச் சாகும். மண் அமிலமாகிறது. அதிலிருந்த சுண்ணாம்புச் சத்து மழையோடு கரைந்து கீழே இறங்கிவிடுகிறது. ஓடு கட்டச் சுண்ணாம்பு கிடைக்காத நத்தைகள் அருகிப்போகின்றன. அந்த ஓட்டைத் தின்றுதான் எங்கள் ஊர்ப் பட்டாணிக் குருவிக்கு உறவான சிட்டு தன் முட்டைக்கு வேண்டிய சத்தைத் தேடிக்கொள்ளும். அது கிடைக்காமற் போனதால், கூட்டுக்குள்ளேயே கால் முறிந்து கிடந்த குஞ்சுகளை ஆய்வாளர்கள் ஃபெலூவையில் கண்டார்கள். மாட்டுக்கொட்டிலிலிருந்து ஒரு குஞ்சின் கால் எலும்புவரை இந்தத் தொடர்பு நீள்கிறது. இதை நான் முதலில் அறிந்த நாளிலிருந்து காட்டுக்குள் நிம்மதியாக நடக்க முடிந்ததில்லை.

வன்னியில் எரு எங்களுக்கு எப்போதும் பற்றாக்குறைதான். அண்டை வீட்டுக் கொட்டிலுக்கும் கேட்டுப் போவோம். இலங்கையைவிடச் சிறிய இந்த நாட்டிலோ ஏறத்தாழ ஒரு கோடி பன்றிகளும் 35 இலட்சத்துக்கு மேற்பட்ட மாடுகளும் இருக்கின்றன. கொட்டிலில் சாணமும் சலமும் கலக்கும் இடத்தில் அமோனியா எழுகிறது, காற்றோடு போய்க் காட்டில் படிகிறது. தொழிற்சாலையிலிருந்தும் வாகனங்களிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் நைதரசன் வருகிறது என்பது உண்மை. ஆனால் உள்நாட்டுக் கணக்கில் பெரும்பங்கு கால்நடைகளுடையது. அதை மறுத்துப் பேசுவது கமக்காரருக்கும் நன்மை செய்யாது.

அதேவேளை, இந்த மாடுகளைக் கமக்காரர் களவாகக் கொண்டுவந்து கட்டவில்லை. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் இந்த மக்கள் துலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். போர் முடிந்ததும் 1945 முதல் 1958 வரை வேளாண் அமைச்சராக இருந்த சிக்கோ மான்ஸ்ஹோல்ட், இனி ஒருபோதும் பசி வரக்கூடாது என்று உற்பத்தியைப் பெருக்கினார். பெருக்கு, பெரிதாக்கு என்பதே அதன்பின் வந்த தலைமுறைகளுக்கு அரசு சொல்லிக்கொடுத்த பாடம். 2015 ஏப்ரலில் ஐரோப்பியப் பால் ஒதுக்கீடு நீங்கியபோது கொட்டில்கள் மேலும் பெருத்தன. நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

அதே 2015இல் ‘பாஸ்’ எனப்படும் நைதரசன் திட்டத்தைக் கொண்டுவந்தீர்கள். நைதரசன் எதிர்காலத்தில் குறையும் என்று கணக்குப் போட்டு, குறையப்போகிற அந்த அளவை முன்கூட்டியே அனுமதிகளாகப் பங்கிட்டுக் கொடுத்தீர்கள். விளையாத நெல்லை விற்பது போன்ற வேலை அது. காட்டில் படியும் அளவு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 1 மோலுக்கும் (வேதியியலில் பொருளின் அளவைக் குறிக்கும் அலகு) குறைவு என்றால் அனுமதிப்பத்திரமே தேவையில்லை, அறிவித்தாலே போதும் என்றும் சொன்னீர்கள். ஆயிரக்கணக்கானோர் அப்படியே அறிவித்தார்கள். அதை நம்பிக் கடன் எடுத்தார்கள், கொட்டில் கட்டினார்கள்.

2019 மே 29ஆம் திகதி உயர் நிர்வாக நீதிமன்றமான ராட் ஃபான் ஸ்டாட்டே அந்தத் திட்டத்தைச் செல்லாது என்று தீர்த்தது. வராத குறைப்பைக் காட்டி அனுமதி கொடுக்கமுடியாது என்றது. தீர்ப்பு சரியானது. ஆனால் அன்றோடு, விதிப்படி அறிவிப்புக் கொடுத்திருந்த அத்தனை பேரும் அனுமதி இல்லாமல் தொழில் செய்பவர்கள் ஆகிவிட்டார்கள். விதியை மீறியவர்களுக்கு அல்ல, கைக்கொண்டவர்களுக்கு நேர்ந்தது இது. பிறகு சட்டமே இயற்றி, 3 ஆண்டுகளில் இவர்களை முறைப்படுத்துவதாக வாக்குக் கொடுத்தீர்கள். அந்தக் கெடு 2025 பெப்ரவரியில் முடிந்தது. நீங்கள் செய்தது கெடுவை நீட்டியதுதான்.

காட்டுக்குச் சொன்ன சொல்லும் அதே நிலையில்தான் இருக்கிறது. 2030க்குள் நைதரசன் தாங்காத இயற்கை நிலத்தில் பாதியையாவது பாதுகாப்பான அளவுக்குள் கொண்டுவருவது உங்கள் சொந்தச் சட்டம். அதை நிறைவேற்றுமாறு அரசுக்கு 2025 ஜனவரியில் டென் ஹாக் நீதிமன்றம் கட்டளையிட்டது. தவறினால் ஒரு கோடி யூரோ தண்டம். ஓர் அரசு தன் சட்டத்தைத் தானே மதிப்பதற்கு நீதிமன்றம் தண்டம் விதிக்கவேண்டி வந்ததை நினைத்து நான் வெட்கப்படுகிறேன். இது இப்போது என் அரசும்தான்.

இதற்கு நேர்மாறான அரசையும் என் தலைமுறை பார்த்திருக்கிறது. 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தது. நவம்பரிலேயே தடையைத் தளர்த்தவேண்டி வந்தது. அதற்குள் பெரும்போகத்து விளைச்சல் விழுந்துவிட்டது. கமக்காரரைக் கேளாமல் ஓர் இரவில் எடுத்த முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் அறிவேன். ஆகவே நாளையே மாடுகளைப் பாதியாக்குங்கள் என்று கேட்கமாட்டேன். 2022 ஜூனில் நீங்கள் வெளியிட்ட வரைபடத்தில் தங்கள் ஊருக்கு நேரே 70, 95 என்று நைதரசன் குறைப்பு விழுக்காட்டைப் பார்த்தவர்களின் கோபம் எனக்கு விளங்கியது. முப்பது ஆண்டு தள்ளிப்போட்டதை ஒரு படத்தில் எழுதி நீட்டினால் யாருக்குத்தான் நெஞ்சு அடைக்காது?

நான் கேட்பது சிறியது. அறிவிப்புக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். இன்ன இடத்தில் உங்கள் பண்ணைக்கு அனுமதி கிடைக்கும், அல்லது கிடைக்காது. கிடைக்காவிட்டால் இவ்வளவு இழப்பீடு, இந்தத் திகதிக்குள் என்று தெளிவாக எழுதுங்கள். அரசு பணம் கொடுத்து மூடும் பண்ணைகளால் நைதரசன் குறைவதன் பயன் முதலில் காட்டுக்கும், அடுத்து இவர்களின் அனுமதிக்கும் சேரட்டும். அது நெடுஞ்சாலைக்கோ விமான நிலையத்துக்கோ அனுமதி கொடுக்கப் போகக்கூடாது. ஃபெலூவையை ஒட்டிய பண்ணைகளில் இத்தனை மாடுகளுக்கு இனி இடமில்லை என்றால், அதை மகனோ மகளோ பண்ணையைப் பொறுப்பெடுக்கும் முன்பே சொல்லுங்கள். இன்னொரு கடன், இன்னொரு கொட்டில் என்று அடுத்த தலைமுறையையும் சிக்கவைக்காதீர்கள். தேர்தலுக்குப் பின் பார்ப்போம் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுக் கமக்காரரும் களைத்துவிட்டார்கள், காடும் களைத்துவிட்டது.

இந்த மடலுக்குப் பதில் எழுதுவதானால் டச்சு மொழியிலேயே எழுதுங்கள், நான் படிப்பேன். ஆனால் முதலில் எனக்கு எழுதவேண்டாம். 2019இலிருந்து காத்திருப்பவர்களுக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஃபெலூவை ஓரத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடிமகன்