மறுக்கிற பெடியனுக்கு மறுநாள் என்ன நடக்கும்? – திருகோணமலைப் படைக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

டொக்யார்ட்டுக்குள் கடற்படைக் கல்லூரியிலும் சீனன்குடாவில் விமானப்படைக் கல்லூரியிலும் பாடம் எடுக்கிற அதிகாரிகளுக்கு, வணக்கம்.

இந்த மடலைக் கொழும்புக்கு அனுப்பாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. நாளைக்குக் கட்டளை கொடுக்கப்போகிறவர்கள் உங்கள் வகுப்பில்தான் இருக்கிறார்கள். அந்தக் கட்டளையைக் கேட்டு நடக்கப்போகிறவனை ஊர்ச்சனம் நாங்கள் தினமும் பார்க்கிறோம். கோணேசர் கோயிலுக்குப் போவதென்றால் பிரெட்ரிக் கோட்டை வாசலால்தான் போகவேண்டும், உள்ளே ஒரு பக்கம் மான்கள் மேயும், இன்னொரு பக்கம் இருபது வயது மதிக்கத்தக்க ஒருவன் துவக்கோடு வெயிலில் நிற்பான். செய்யவே கூடாத ஒன்றைச் செய் என்று மேலதிகாரி சொன்னால் நீ என்ன செய்வாய் தம்பி என்று அவனிடம் கேட்க எனக்கு ஆசைதான். கேட்டால் கரைச்சல் அவனுக்கு. அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

கட்டளையை மீறினால் என்ன கிடைக்கும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். 1949ஆம் ஆண்டு இராணுவச் சட்டம், அதே ஆண்டு விமானப்படைச் சட்டம், 1950ஆம் ஆண்டு கடற்படைச் சட்டம், எதை எடுத்தாலும் படை நீதிமன்றம், மறியல், பதவியிறக்கம், வேலை நீக்கம் என்று வரிசையாக இருக்கிறது. ஆனால் அவையெல்லாம் சட்டப்படியான கட்டளையை மீறியவனுக்குத்தான். தண்டனைச் சட்டக்கோவையின் 69ஆம் பிரிவு ஒரு சிப்பாயையே உதாரணம் காட்டுகிறது: மேலதிகாரி சொல்லி, சட்டத்துக்கு இணங்க, கலகக் கூட்டத்தின்மேல் சுட்டவன் குற்றவாளி இல்லை. சரி, சட்டத்துக்கு இணங்காமல் சுட்டவன்? அவனை இந்தப் பிரிவு காப்பாற்றாது. சித்திரவதை என்றால் பேச்சுக்கே இடமில்லை, மேலிடத்து உத்தரவு என்பது எதிர்வாதமாகாது என்று 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டமே எழுதிவைத்திருக்கிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்கவேண்டாம். 1971 ஜே.வி.பி. கிளர்ச்சி நேரம் கதிர்காமத்தில் பிரேமவதி மனம்பேரி என்ற இளம்பெண்ணைத் தடுப்பில் வைத்திருந்து, தெருவில் நடக்கவிட்டுச் சுட்ட வழக்கில் இராணுவத்து லெப்டினன்ட் ஒருவருக்கும் சார்ஜன்ட் ஒருவருக்கும் 16 வருடம் கடூழியச் சிறை. மேலே இருந்து வந்த உத்தரவு என்று சொல்லிப் பார்த்தார்கள், 1973இல் மேன்முறையீட்டிலும் அது எடுபடவில்லை. செத்தவரும் சிங்களம், சுட்டவர்களும் சிங்களம், தீர்ப்புச் சொன்னதும் இந்த நாட்டு நீதிமன்றம். ஐ.நா. மனித உரிமை என்று ஜெனீவாக்காரன் வந்து திணித்தது என்று இதைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் பெடியன் சட்டப் புத்தகத்தைப் பார்த்தா படிக்கிறான்? நடந்ததைப் பார்த்துத்தான் படிக்கிறான். 2006 ஜனவரி 2ஆம் திகதி இதே ஊர்க் கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். பிடிபட்ட பொலிஸ் விசேட அதிரடிப்படைக்காரர் 13 பேரும் சாட்சியம் போதாதென்று 2019இல் விடுதலை. இதே மாவட்டத்தில் 1996இல் ஊர்ச்சனத்தைக் கொன்ற குமாரபுரம் படுகொலை, குற்றம் சாட்டப்பட்ட இராணுவக் கோப்ரல்மார் ஆறு பேரும் 2016இல் விடுதலை. யாழ்ப்பாணத்து மிருசுவிலில் எட்டுப் பேரைக் கொன்றதற்கு மரண தண்டனை பெற்ற இராணுவத்தவர் ஒருவரை, உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதிப்படுத்திய பிறகும், 2020 மார்ச்சில் ஜனாதிபதி பொதுமன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார். மறுத்தால் தண்டனை நிச்சயம், பணிந்தால் தப்ப வழியுண்டு. இந்தக் கணக்குப் போட அவனுக்கு ஓ/எல் கூடத் தேவையில்லை.

தப்பாமல் மாட்டிக்கொண்டாலும் அது யார்? யாழ்ப்பாணத்து மாணவி கிரிசாந்தியைக் கொன்ற வழக்கில் 1998இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட லான்ஸ் கோப்ரல், அங்கேயே செம்மணியில் முந்நூறு நானூறு உடல்கள் புதைக்கப்பட்டதாகவும் அதிகாரிகள் சொல்லித்தான் புதைத்ததாகவும் நீதிமன்றத்திலேயே சொன்னார். அவர் செய்த குற்றத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கூண்டில் நின்றவர்களில் மேலதிகாரி எவரும் இல்லை என்பதை உங்கள் மாணவர்கள் கவனிக்காமலா இருப்பார்கள்?

ஓடருக்கு ஓடர் சிப்பாய் சட்டம் பேசினால் படை நடக்குமா என்று கேட்பீர்கள். நடக்காதுதான். விடிய எழும்பி ஓடமாட்டேன் என்கிறவனுக்கு இன்னும் நாலு சுற்றுக் கூட்டிக் கொடுங்கள், எனக்கென்ன வந்தது. நான் கேட்பது கையைக் கட்டி முழந்தாளில் இருத்திவைத்த ஆளைச் சுடு என்கிற கட்டளையைப் பற்றி, ஒருவனைப் பதிவு இல்லாமல் அடைத்துவை என்கிற கட்டளையைப் பற்றி. அது பிழை என்று தெரிய சட்டப் படிப்பு வேண்டாம்.

போர் நேரத்துக்கான மனிதாபிமானச் சட்டம் எங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது என்பீர்கள், நல்லது. பரீட்சைக்கு எழுதிவிட்டு மறக்கிற பாடமாக இல்லாமல், மறுக்கிறதையும் அணிநடை மாதிரி பழக்குங்கள். ஒருவர் பிழையான கட்டளை கொடுக்கட்டும், மற்றவன் நேரே நின்று, சேர், இதைச் செய்யமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். மறுத்தவன் அன்றைக்கே தன் தளபதியைத் தாண்டி யாரிடம் போகலாம் என்பதைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி அவன் கையில் கொடுங்கள், அடுத்த மாதம் அவனைத் தூக்கி ஏதாவது தீவில் போடாமல் இருக்க ஒரு விதியும் அதிலேயே எழுதுங்கள். இதற்குக் காசு போகாது, புதுச் சட்டமும் வேண்டாம்.

இப்படி ஏதாவது ஏற்கெனவே இருந்தால் பகிரங்கமாகச் சொல்லுங்கள், சந்தோசமாக இந்த மடலின் கீழேயே போட்டுவிடுகிறேன். பதிலைச் சிங்களத்தில் எழுதினாலும் பரவாயில்லை, வாசிப்பேன்.

திருகோணமலையிலிருந்து ஒருவன்