கோரிக்கை மனு: அதிகாலையில் வீடுகளுக்குள் வரும் மரவாயு ஜெனரேட்டர் புகையை நிறுத்தித் தருமாறு வேண்டி

அனுப்புநர்: பின்வரிசை வீடுகளின் குடியிருப்பாளர்கள், நிபோங் திபால் வட்டாரம், பினாங்கு

பெறுநர்: சுற்றுச்சூழல் அமலாக்கப் பொறுப்பதிகாரி அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக முன்பு கொடுத்த மனுக்களுக்குத் தீர்வு கிடைக்காததால் மீண்டும் எழுதுகிறோம். தாங்கள் தமிழ் அறிந்தவர் என்பதால் தமிழிலேயே எழுதியுள்ளோம். மலாய்ப் பிரதியும் உடன் உள்ளது. இடத்தைத் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. தாமானின் (குடியிருப்புப் பகுதியின்) கடைசி வரிசை, அதை ஒட்டி லோங்காங் (கழிவுநீர் வாய்க்கால்), லோங்காங்குக்கு அப்பால் ரப்பர் மரப் பலகை உலர்த்தும் தொழிற்சாலை. மரச்சில்லையும் செம்பனைக் கொட்டை ஓட்டையும் குறைந்த காற்றில் எரித்து, அதில் வரும் வாயுவால் எஞ்சினை ஓட்டும் சிறிய ஜெனரேட்டர் ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் சிலர் அங்கேதான் வேலை செய்கிறார்கள். அதை மூடச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை.

1. எங்களை வாட்டுவது அதிகாலைப் புகை. காலை வேலைக்கு மின்சாரம் வேண்டும் என்று 5 மணிக்கே உலையைப் பற்ற வைக்கிறார்கள். உலை சூடேறும் வரை வருகிற வாயு எஞ்சினுக்கு ஆகாது. அதில் தார் அதிகம். அந்த வாயுவைத் தனிக் குழாயில் சுடர் வைத்து எரித்துவிட வேண்டும். இங்கே அப்படி எரிப்பதில்லை, அப்படியே வெளியே விடுகிறார்கள். அந்த நேரத்தில் காற்று அசையாது, தரையோடு குளிர்ந்து கிடக்கும். குட்டையான குழாயிலிருந்து வரும் மஞ்சள் கலந்த வெள்ளைப் புகை மேலே ஏறாமல் லோங்காங்கைத் தாண்டி நேராக எங்கள் சமையலறைக்குள் நுழைகிறது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் இருமல். ஞாயிறன்று உலை ஆறிப்போவதால் திங்கட்கிழமை இன்னும் மோசம். மரச்சில்லைக் கிழிந்த நீலக் கன்வசின் கீழ் மழையில் நனைய விட்டிருக்கிறார்கள். ஈர விறகு போட்டால் உலையின் சூடு இறங்கும், தார் கூடும். ஓரத்து வீட்டில் மூச்சிழுப்பு நோய் உள்ள ஏழு வயதுப் பையன் இருக்கிறான். அவன் அம்மா இருட்டிலேயே அவனை எழுப்பி, முன்னறையில் உட்காரவைத்து, மூக்கில் நெபுலைசரை வைத்துக்கொண்டு பள்ளி வேன் வரும்வரை காத்திருக்கிறார். அவனுடைய வெள்ளைச் சட்டையை இரவில் கொடியில் விட்டுவிட்டால் காலையில் அதில் கடுகளவு பழுப்புப் புள்ளிகள். தேய்த்தால் ஒட்டும், துவைத்தால் போகாது. சட்டையில் ஒட்டியதைக் கண்ணால் பார்க்கிறோம். அவன் நெஞ்சுக்குள் போனதை யார் பார்ப்பது, ஐயா?

2. முன்பு வந்து பார்த்த அலுவலர் ஒருவர், "இது பசுமை மின்சாரம், மரத்தின் கரியமில வாயு கணக்கில் வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கணக்கு எங்களுக்கும் தெரியும். மரம் வளரும்போது இழுத்த கரியமில வாயுவையே எரியும்போது விடுகிறது, வெட்டிய இடத்தில் மறுபடி நட்டால் அது திரும்பவும் இழுத்துக்கொள்ளும். நியாயம்தான். ஆனால் கரியமில வாயுவே வரவில்லை என்று அதற்குப் பொருளில்லையே. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். ஒரு கிலோ முழுதாக எரிந்தால் சுமார் 1.8 கிலோ கரியமில வாயு வரும். இப்படிப்பட்ட சிறிய இயந்திரத்துக்கு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் விறகு வேண்டும். டீசல் ஜெனரேட்டரில் அதே ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ கரியமில வாயுகூட வராது. ஆக, குழாய் வாயில் அளந்தால் இதுதான் அதிகம். ரப்பர் மரம் மறுபடி வளர்ந்து வெட்டுக்கு வர 25 ஆண்டுக்கு மேல் ஆகும். எந்தத் தோட்டத்து மரம், அங்கே மறுநடவு நடந்ததா என்று யாராவது கேட்டதுண்டா?

அது உலகத்துக் கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். உலையில் உண்டாகும் வாயுவில் கரியமில வாயு மட்டுமா இருக்கிறது? ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. எஞ்சினில் எரிந்தால் அது எரிபொருள், எரியாமல் வெளியே வந்தால் விஷம். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இரத்தத்தோடு இறுக்கமாகப் பிணையும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. காலையில் தலைவலியோடு எழுகிறோம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது அதற்கு இதுதான் காரணமா, இல்லையா? கருவி வைத்து அளந்தால்தானே தெரியும். மரத்தில் வந்த கார்பன் மோனாக்சைடு என்பதற்காக அது எங்களை விட்டுவைக்குமா?

3. எஞ்சினுக்கு அனுப்புமுன் தார் போக வாயுவைக் கழுவிய கறுப்புத் தண்ணீரும் லோங்காங்கில்தான் விழுகிறது. அதைத் தனியாக எழுதுவோம்.

4. வந்து பார்த்தோம், புகை இல்லை என்கிறார்கள் தங்கள் அலுவலர்கள். எத்தனை மணிக்கு வந்து பார்த்தார்கள்? காலை பதினொரு மணிக்கு! அப்போது உலை நன்றாகச் சூடேறி, எஞ்சின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். எங்களுக்கே புகை தெரியாது. அதுவும் முன்கூட்டியே தொழிற்சாலைக்குச் சொல்லிவிட்டு வருகிறார்கள். 5 மணிக்கு வாருங்கள் என்று மனுவில் கோடிட்டு எழுதிக் கொடுத்தோமே ஐயா, படித்தார்களா இல்லையா? 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் இருக்கிறது, அதன் கீழ் 2014ஆம் ஆண்டு தூய காற்று விதிமுறைகள் இருக்கின்றன. மரத்தை எரித்தால் விதி பொருந்தாது என்று அவற்றில் எங்காவது எழுதியிருந்தால் காட்டுங்கள், இனி மனுவே எழுத மாட்டோம்.

கோபத்தில் எழுதியதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. தாங்களே ஒரு திங்கட்கிழமை அதிகாலை 5 மணிக்கு, தொழிற்சாலைக்கு அறிவிக்காமல், எங்கள் பின்வாசலில் வந்து நிற்க வேண்டும். குழாய் வாயிலும் வீட்டுக்குள்ளும் கார்பன் மோனாக்சைடு, கரியமில வாயு, தூசு மூன்றையும் அளந்து, அந்த அளவுகளை எங்களுக்கும் தர வேண்டும். தொடக்க வாயுவைச் சுடர் வைத்து எரிக்கவும், விறகைக் கூரைக்கடியில் உலர வைக்கவும், குழாயை உயர்த்தவும் உத்தரவிட வேண்டும். அதுவரை விடிவதற்கு முன் உலையைப் பற்றவைக்கத் தடை போட வேண்டும். இந்தத் தடை ஒன்றையாவது இந்த வாரமே போட்டுத் தாருங்கள், ஐயா. அந்தப் பையனுக்கு அடுத்த மாதம் பள்ளிச் சோதனை. விடிவதற்கு முன் பற்ற வைக்க வேண்டாம் என்று ஒரு கடிதம் போதும். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பின்வரிசைக் குடியிருப்பாளர்கள்
(கையொப்பங்களும் முந்தைய மனுக்களின் நகல்களும் இணைக்கப்பட்டுள்ளன)