கல்பாலத்துக்கு மறுபடியும் பேருந்து வேண்டாம்: ஜெர்மனியின் ரேகன்ஸ்பூர்க் நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நகர்மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நம் கல்பாலத்தில் சிறிய மின்பேருந்தாவது விடலாமே என்ற பேச்சு அவ்வப்போது காதில் விழுகிறது. வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

1135இல் தொடங்கி 1146இல் முடிந்த பாலம் இது. மறு ஆண்டே இரண்டாம் சிலுவைப் போருக்குப் போன படைகள் இந்த வழியாக டான்யூப் ஆற்றைக் கடந்தன. செக் நாட்டின் ப்ராகில் இதைப் பார்த்துக் கட்டிய யூதித் பாலம் 1342 வெள்ளத்தோடு போய்விட்டது. அந்த இடத்தில்தான் சார்லஸ் பாலம் எழுந்தது. நம்முடையது நிற்கிறது. சுமார் 800 ஆண்டுகள் இந்த நகரில் ஆற்றைக் கடக்க வேறு பாலமே இருக்கவில்லை.

நடுவில் கூனல் விழுந்திருப்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். பேராலயம் கட்டியவரை முந்த, பாலம் கட்டியவர் பிசாசோடு ஒப்பந்தம் போட்டாராம். முதலில் கடக்கும் உயிர்கள் அதற்கு. மனிதர் கெட்டிக்காரர், கோழியையும் நாயையும் விரட்டிவிட்டார். ஏமாந்த பிசாசு அடியிலிருந்து முட்டியதில் பாலம் வளைந்துவிட்டதாம். இப்போதுள்ள பேராலயத்தின் வேலை தொடங்கியதே 1270களில் என்பதைக் கதை கண்டுகொள்வதில்லை. சரி, கதைதானே!

பிசாசைவிட மனிதர் செய்த சேதம்தான் அதிகம். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை நெருங்கியபோது, ஜெர்மன் ராணுவமே இதன் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தது. 1967இல்தான் அது சீரானது. அப்புறம் ஆண்டுக்கணக்கில் ஓடிய வாகனங்கள், குளிர்காலத்தில் கொட்டிய உப்பு, கல்லுக்குள் இறங்கிய நீர். 1997இல் கார்களையும் 2008இல் பேருந்துகளையும் நிறுத்தினீர்கள். 2010 முதல் 2018 வரை பழுதுபார்த்தீர்கள். அந்த எட்டு ஆண்டுகளும் சாரக்கட்டுக்கு நடுவே குனிந்து நடந்தவர்களில் நானும் ஒருவன்.

ஆற்றின் அக்கரையில் உள்ள ஸ்டாட்அம்ஹோஃப் பகுதி முதியவர்களின் சிரமம் புரியாமல் இல்லை. என் முழங்காலும் பாலத்தின் ஏற்றத்தில் முனகத்தான் செய்கிறது. சுற்றுவழிப் பேருந்துகளை அடிக்கடி விடுங்கள், மாலையிலும் விடுங்கள். அந்தச் செலவுக்கு வரி கூடினாலும் கொடுக்கிறேன். பழைய பாலத்தை ஒட்டிப் புதிதாக ஒன்று கட்டுவது மட்டும் தீர்வாகாது. 2006இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது இந்தப் பழைய நகரக் காட்சியும் சேர்த்துத்தான்.

இன்னொன்று. பனி உறையும் நாட்களில் பாலத்தில் உப்பு வேண்டாம், சரளைப்பொடி போதும். வழுக்கினால் மெதுவாக நடந்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
தினமும் பாலத்தைக் கடக்கும் ஒருவன்